தண்ணீர் வரும் நாளில் வேட்புமனு

“அது சரிம்மா, நீ ஜெயிச்சேன்னே வச்சுக்கிடுவோம். கவுன்சிலர் வேலைய யாரு பாப்பா? ஒனக்குத்தான் இன்னும் கல்யாணம் ஆகலையே!”

கேட்டவர் எங்கள் தெருமுனையில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி. உளுந்து நிறுத்துக்கொண்டே கேட்டார். அதில் கேலி இல்லை, குத்தல் இல்லை. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, உண்மையாகவே விடை தெரியாமல் கேட்டார். அதனால் எனக்குக் கோபம் வரவில்லை. இவருக்கு ஏன் இப்படித் தோன்றுகிறது என்று தெரிந்துகொள்ளும் ஆசைதான் வந்தது.

“நான்தான் பாப்பேன் அண்ணாச்சி.”

“நீயேவா?” தராசுத் தட்டு அந்தரத்தில் நின்றது. “இந்தத் தடவையும் நம்ம வார்டு லேடீஸ் வார்டு. எங்க வீட்ல அவளத்தான் நிறுத்துதோம். அவளுக்கு நான் இருக்கேன். அலையதுக்கு, ஆபீசரப் பாக்கதுக்கு, பேசதுக்கு ஆளு வேணும்லா? ஒனக்கு யாரு இருக்கா, சொல்லு.”

விட்டால் எனக்கு ஒரு மாப்பிள்ளை பார்த்து முடித்துவிட்டு, அதன் பிறகு போட்டியிடச் சொல்வார் போலிருந்தது.

கோவில்பட்டியில் எங்கள் வார்டுக்குச் சுயேச்சையாக நிற்கப்போகிறேன் என்று நான் வீட்டுக்கு வெளியே சொன்ன முதல் நாள் அது. உளுந்துப் பையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

“அவிய வரட்டும்”

அண்ணாச்சியின் கேள்வி எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். பள்ளிக்கூட நாட்களில் ஒரு சான்றுக்காக அப்போதைய கவுன்சிலர் வீட்டுக்குப் போயிருக்கிறேன். அவரும் ஒரு பெண்தான். மொட்டைமாடியில் மிளகாய் வற்றல் காயப்போட்டுக்கொண்டிருந்தார். நெடியில் நான் தும்மிய பிறகுதான் திரும்பிப் பார்த்தார்.

“என்னட்டி வேணும்?”

“கையெழுத்து வேணும்க்கா.”

“அவிய வெளிய போயிருக்காவ. வரட்டும்.”

“அவிய கையெழுத்து இல்லக்கா. உங்க கையெழுத்து.”

அவர் சிரித்துவிட்டார். “என் கையெழுத்தையும் அவியதான் போடுவாவ. நான் போட்டா கோணலா வருதாம்.”

படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன். ‘அவிய’ வந்தார், அவர் வீட்டுக்காரர். வண்டியை விட்டு இறங்காமலே சீட்டின் மேல் தாளை வைத்து, மனைவியின் பெயரை அழகாகச் சாய்த்து எழுதினார். சாய்வான எழுத்து. கடைசியில் ஒரு சுழி வேறு.

வீட்டுக்கு நடந்து வரும்போது ஒரே ஒரு சந்தேகம் என்னைக் குடைந்தது. நகராட்சிக் கூட்டத்தில் ஆதரிப்பவர்கள் கையைத் தூக்குங்கள் என்று சொன்னால், யார் கை மேலே போகும்? மறுநாள் டீச்சரிடம் கேட்டேன். “அதெல்லாம் பரிட்சைக்கு வராது, உக்காரு” என்றார். நகராட்சியின் மேல் எனக்கு வந்த முதல் ஆர்வம் அந்தச் சந்தேகம்தான்.

ஆபீசுக்குப் போகும் அம்மா

எங்களுக்குப் பூர்வீகம் புதூர்ப் பக்கம். வானம் பார்த்த கரிசல் பூமி. மழை பெய்தால் அந்த மண் செருப்போடு ஒட்டிக்கொண்டு, ஒவ்வோர் எட்டுக்கும் கனம் கூடிக்கொண்டே வரும். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, முட்டுவரை கறுப்புக் காலோடு வகுப்புக்குள் நுழைந்த பிள்ளை நான். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துப் பெஞ்சில் உட்கார்ந்த முதல் ஆளும் நான்தான். இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் கிடையாது. யார் கேட்டாலும், கேட்காவிட்டாலும் சொல்வேன்.

அடுத்தடுத்து மழை பொய்த்ததும் அப்பா மணியாச்சிக்குத் தண்டவாள வேலைக்குப் போனார். ஒப்பந்த வேலை, வாரத்துக்கு ஒரு தடவை வருவார். அம்மாவும் நானும் கோவில்பட்டிக்கு வந்தோம். அம்மா ‘ஆபீசு’க்குப் போக ஆரம்பித்தாள்.

எங்கள் பக்கத்தில் தீப்பெட்டித் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வார்கள். புதுப் பள்ளியில் வெளியூர் டீச்சர் ஒருவர் “அம்மா என்ன செய்றாங்க?” என்று கேட்க, நான் “ஆபீஸ்ல வேலை” என்றேன். அந்த வருடம் முழுக்க என் அம்மாவுக்கு அங்கே நல்ல மரியாதை. ஒரு நாள் அவள் நேரே வேலையிலிருந்து என்னைக் கூப்பிட வந்தாள். முடியில் குச்சித் தூசி, சேலையில் மெழுகு வாசனை. டீச்சர் அவளைப் பார்த்துவிட்டு, “ஆபீஸ்லேர்ந்து யாரையாவது அனுப்பிச்சாங்களா?” என்று என்னிடம் கேட்டார். “இதுதான் டீச்சர் எங்கம்மா” என்றேன்.

படிப்பு முடிந்ததும் ஓர் இ-சேவை மையத்தில் வேலை கிடைத்தது. பிறப்புச் சான்று, பட்டா, முதியோர் உதவி என்று ஊரே அங்கே வந்து உட்காரும். நகராட்சியில் எந்த வேலை எந்த மேசையில் நிற்கும் என்பதை நான் கற்றுக்கொண்டது அந்த நாற்காலியில்தான். அங்கே வரும் தீப்பெட்டி ஆபீஸ் பெண்களிடம் ஒரு விஷயம் பார்த்திருந்தேன். அநேகம் பேருக்குச் சேலையின் கீழ்க்கரை நனைந்திருக்கும். வெளியே வெயில் கொளுத்தும்போதும் நனைந்திருக்கும். ஏன் என்று நான் கேட்டதில்லை.

என் முதல் வாக்குறுதி

எங்கள் தெருவுக்குத் தண்ணீர் தினமும் வராது. சில நாட்களுக்கு ஒரு முறை, முற்பகலில் வரும். அந்த நேரத்தில் பெண்கள் எல்லாரும் ஆபீசில் இருப்பார்கள். கடை போக, ஆபீசுக்கு ஆள் ஏற்றும் வேன் ஒன்றும் அண்ணாச்சிக்கு உண்டு; அது விடியுமுன்னே அவர்களை அள்ளிக்கொண்டு போய்விடும். இறக்கிவிடும்போது தெருவிளக்கு எரியும்.

அதனால் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. தண்ணி லீவு. மேலத்தெருவுக்குத் தண்ணீர் வந்துவிட்டால் நமக்கு நாளை மறுநாள் என்று ஒரு கணக்கு. அன்றைக்கு முறைப்படி ஒருத்தி மட்டும் வேலைக்குப் போகாமல் நின்று, வரிசையில் உள்ள எல்லா வீட்டுக்கும் பிடித்து வைப்பாள். எல்லாக் குடமும் ஒரே மாதிரி பிளாஸ்டிக் குடம் என்பதால், கழுத்தில் அவரவர் பழைய சேலைக் கிழிசல் ஒன்றைக் கட்டியிருப்பார்கள். பச்சைக் கிழிசல் எங்களுடையது.

ஒரு நாள் வேலையை இழந்து தண்ணீர் பிடிக்க வேண்டியிருக்கிறதே என்று எனக்கு ஆற்றாமை. ஆகவே நான் ஜெயித்தால் முதல் வேலை, தண்ணீரை மாலை நேரத்துக்கு மாற்றுவது. பெண்கள் வீடு திரும்பிய பிறகு குழாய் திறக்கட்டும். இதைவிட நியாயமான வாக்குறுதி இருக்குமா?

விடியற்காலை வேன் நிற்கும் இடத்துக்குப் போய் அவர்களிடம் சொன்னேன். தூக்குவாளியும் கையுமாக நின்ற கூட்டம் அப்படியே அமைதியாகிவிட்டது. கைதட்டல் வரும் என்று நினைத்திருந்தேன். ஒருவர் இருமினார். எதிர்வீட்டு அந்தோணியம்மா மைனி, பேச்சில் யாருக்கும் மிச்சம் வைக்காதவர், வானத்தைப் பார்த்துக்கொண்டு “யோசிச்சுப் பாக்கோம்” என்றார். வேன் வந்தது. என் அம்மா என்னைத் திரும்பிப் பார்க்காமல் ஏறிப்போனாள்.

அன்று முழுக்க அந்த அமைதி என்னோடு கூடவே வந்தது. எதில் தப்பு? தண்ணீரிலா, சாயங்காலத்திலா, என்னிலா?

பகலில் ஒரு தூக்கம்

அடுத்த தண்ணி லீவு அம்மாவின் முறை. நானும் அன்று மையத்துக்குப் போகாமல் வீட்டிலேயே இருந்து பார்த்தேன்.

குழாயில் முதலில் காற்று வந்தது, பிறகு செம்மண் நிறத்தில் கொஞ்சம், பிறகு தண்ணீர். அம்மா ஆட்டுக்குட்டியை விரட்டுகிற வேகத்தில் குடங்களை மாற்றி மாற்றி வைத்தாள். நிறைந்ததும் சேலையைக்கூட மாற்றாமல் கிளம்பினாள். பக்கத்து வீட்டு மாசமாக இருக்கும் பெண்ணைப் பெரியாஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். திரும்பும் வழியில் நாலு வீட்டுக்கும் ரேஷன் வாங்கினாள். கடைசி வீட்டுப் பையனின் பள்ளிக்கூடத்தில் அவன் அம்மாவுக்குப் பதிலாகப் போய் நின்று திட்டு வாங்கினாள். இ-சேவை மையத்துக்கு வந்தவர்களின் சேலைக்கரை ஏன் நனைந்திருந்தது என்று அப்போது புரிந்தது.

எல்லாம் முடிந்து வந்து, கதவைத் திறந்து போட்டபடியே தரையில் படுத்தாள். தூங்கிப்போனாள். என் அம்மா பகலில் தூங்கி நான் பார்த்தது அன்றைக்குத்தான். வாய் லேசாகத் திறந்திருந்தது. காற்றுக்கு முடி நெற்றியில் ஆடியது. ஈ ஒன்று உட்கார வந்தது, நான் விரட்டிக்கொண்டிருந்தேன்.

எழுந்ததும் கேட்டேன். “சாயங்காலம் தண்ணி விடச் சொல்லுதேன்னு சொன்னதுக்கு ஏம்மா எல்லாரும் வாயடச்சுப் போனீங்க?”

“வேற என்ன செய்யச் சொல்லுத?” கொண்டையை முடிந்துகொண்டே சொன்னாள். “காச்சல்னா கணக்கப்பிள்ளை மாத்திரை போட்டுட்டு வாம்பாரு. பிள்ளைக்கு முடியலன்னா மாமியார் இல்லையாம்பாரு. தண்ணி வருதுன்னா மட்டும் வாயத் தொறக்க மாட்டாரு. அவரு வீட்டுக்கும் தண்ணி வேணும்லா? எங்களுக்குன்னு உள்ளது அந்த ஒரு நாளு. நீ தண்ணிய சாயங்காலம் விட்டுட்டா அதுவும் போச்சு. எங்க லீவப் புடுங்கத்தான் எலெக்சன்ல நிக்கியாட்டி?”

கணக்கப்பிள்ளை என்பவர் ஆபீசில் ஆள் வருகையைப் பார்ப்பவர். அண்ணாச்சிக்கு மைத்துனர்.

“தண்ணி வந்தாத்தான் ஒனக்கு லீவா? அது என்னம்மா நியாயம்?”

“நியாயம் இல்லதான். அத ஒங் கவுன்சில்ல மாத்த முடியுமா?”

முடியாது. தொழிற்சாலை விடுமுறையில் நகராட்சிக்கு வேலை இல்லை. ஆனால் அந்த ஒரு நாளுக்குள் இவர்கள் திணிக்கும் வேலைகளில் எதை எதை வெளியே எடுக்கலாம் என்று யோசிக்கலாம் அல்லவா? நகராட்சி சுகாதார நிலையம் வேன் திரும்பிய பிறகும் கொஞ்ச நேரம் திறந்திருந்தால் ஒரு வேலை குறையும். தண்ணீர் வரும் நாளை முந்தின நாளே ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டால் கணக்குத் தப்பி ஒரு லீவு வீணாகாது. வேன் நிற்கும் இடத்தில் பெண்களுக்கு ஒரு கழிப்பறை வேண்டும். இருட்டில் அவர்கள் எங்கே போகிறார்கள் என்று எந்தக் கவுன்சிலரும் கேட்டதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, வார்டுக் கூட்டம் ஞாயிற்றுக்கிழமை மதியம் நடக்க வேண்டும். வேலைநாளில் நடந்தால் நாற்காலியில் ஆண்கள் மட்டும்தான் இருப்பார்கள்.

மாலைத் தண்ணீர்? வீட்டிலிருந்து தைப்பவர்களும் கடலைமிட்டாய்ப் பட்டறைக்குப் போகிறவர்களும் அதை வேண்டும் என்கிறார்கள். அம்மாவோடு வேனில் போகிறவர்கள் வேண்டாம் என்கிறார்கள். நான் அன்று சொன்னது தப்பு என்று வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டு, அதை அந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் தீர்மானிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். எல்லாவற்றுக்கும் விடை வைத்துக்கொண்டு நிற்பவர்களைப் பார்த்தால் எனக்கே பயமாக இருக்கும்.

ஒரே ஓர் ஆள்

சுயேச்சையாக நிற்பவருக்கு வார்டு வாக்காளர் ஒருவர் முன்மொழிய வேண்டும். ஒரே ஓர் ஆள் போதும். அந்த ஓர் ஆள்தான் கிடைக்கவில்லை.

தெருவில் எல்லாருக்கும் என்னைப் பிடிக்கும். “எங்க வீட்டுப் பிள்ள மாதிரி” என்பார்கள். தாளை நீட்டினால் அடுப்பில் பால் பொங்கும், பேரன் அழுவான், கண்ணாடி காணாமல் போகும். வேன் அண்ணாச்சியுடையது, கணக்கப்பிள்ளை அண்ணாச்சியின் மைத்துனர். நான் அவர்களைக் குறை சொல்லவில்லை.

அம்மாவிடம் கேட்டேன். “நாளைக்கு வேன்ல எடம் இல்லன்னுட்டா நடந்தா போவேன்?” என்றாள். உண்மையில் நடக்க முடியாத தூரம். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

மனுத் தாக்கலுக்குக் கடைசி நாள் நெருங்கியது. மேலத்தெருவுக்குத் தண்ணீர் வந்தது. கணக்குப்படி எங்களுக்குத் தண்ணீர் வருவது அந்தக் கடைசி நாளன்று. லீவு முறை அந்தோணியம்மா மைனிக்கு. முந்தின நாள் மாலை அவர் எங்கள் வாசலுக்கு வந்து, என்னைப் பார்க்காமல் அம்மாவிடம் பேசினார்.

“மரியபுஷ்பம், நாளைக்கு என் முறைய நீ எடுத்துக்கோ. எனக்கு ஒடம்பு நல்லாத்தான் இருக்கு, வேலைக்குப் போறேன்.”

“எனக்கெதுக்கு?”

“எதுக்கா? தண்ணி லீவுக்கு கணக்கப்பிள்ளையே காரணம் கேக்க மாட்டாரு, நீ கேக்க! ஒம் மவ அன்னைக்கு சாயங்காலத் தண்ணின்னு ஒளறுனா. அப்புறம் வந்து, சரி நான் சொன்னது தப்புன்னு ஒரு வீடு விடாம சொல்லிட்டுப் போனா. இத்தன எலெக்சன்ல எவன் அப்படி வந்து சொன்னான்? நான் போட மாட்டேன் கையெழுத்து, எனக்கு ரெண்டு பொம்பளப் பிள்ளைய. ஒனக்கு இவ ஒருத்திதான். யோசி.”

அம்மா யோசித்தாள். அரிசி களைந்துகொண்டே யோசித்தாள். சோறு வடிக்கும்போது, “அப்ப தண்ணி யாரு பிடிப்பா?” என்று கேட்டாள். சம்மதம் என்று அதிலிருந்து தெரிந்துகொண்டேன்.

அப்பா நிறைத்த குடங்கள்

தண்ணீரை அப்பா பிடித்தார். மணியாச்சியிலிருந்து அதற்காகவே வந்தார். ஓர் ஆண் தெருக்குழாயில் குடம் பிடிப்பதைப் பார்க்கக் கடை வாசலில் ஒரு சிறு கூட்டமே கூடியதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

நகராட்சி அலுவலகத்தில் மனு வாங்கும் அதிகாரி நாகரிகமானவர். ஆனால் எங்களுக்குப் பின்னால் எட்டி எட்டிப் பார்த்தார். “கூட யாரு வந்திருக்காங்க?”

“இவங்க எங்கம்மா. முன்மொழியிறவங்க.”

“வேற யாரும்...?”

“வேற யாரும் வேணுமா சார்?” உண்மையிலேயே விதி எதுவும் எனக்குத் தெரியாமல் இருக்கிறதோ என்றுதான் கேட்டேன். அவர் இல்லை என்று தலையாட்டினார்.

அம்மாவுக்கு அவள் பெயரை எழுத நான் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். பேனாவை நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

“நான் ரேகை வைக்கேன்.”

“நீதான் எழுதுவியேம்மா?”

“எழுதுனா, மவளே எழுதிக்கிட்டான்னு நாளைக்கு ஒருத்தன் சொல்லுவான். கையெழுத்த எவனும் போட்டுருவான். ரேகைய எவன் போடுவான்?”

அதிகாரி சிரிப்பை அடக்கிக்கொண்டு மைப்பெட்டியைத் தள்ளினார். அம்மா பெருவிரலை அழுத்திய அழுத்தில் மேசை ஒருமுறை ஆடியது.

தெருவுக்குத் திரும்பினால் ஒரே சத்தம். அப்பா எல்லாக் குடத்தையும் தளும்பத் தளும்ப நிறைத்திருந்தார். ஆனால் அதற்கு முன் ஒரு காரியம் செய்திருந்தார்: கழுத்தில் கட்டியிருந்த கிழிசல்களை எல்லாம் அவிழ்த்து, அலசி, கொடியில் காயப்போட்டிருந்தார். “அழுக்குத் துணி தண்ணியில படுதுன்னு அவுத்தேன்” என்றார் பரிதாபமாக.

வேன் வந்து இறங்கிய பெண்கள், யார் குடம் எது என்று தெரியாமல் நின்றார்கள்.

“அண்ணே, நீங்க தண்டவாளத்தையும் இப்படித்தான் கழத்திப் போட்டு மாட்டுவீயளோ?” என்றார் அந்தோணியம்மா மைனி. “நாங்க ரயில்ல ஏற மாட்டோம்பா!”

ஆளுக்கொரு குடத்தைத் தூக்கிக்கொண்டு போனோம். எங்கள் வீட்டில் இப்போதும் யாருடைய குடமோ இருக்கிறது.

மடி

செய்தி அண்ணாச்சிக்கு அன்று மாலையே போய்விட்டது. மறுநாள் விடியற்காலை நானும் அம்மாவோடு வேன் நிற்கும் இடத்துக்குப் போனேன். டிரைவர் பையன் அம்மாவின் முகத்தைப் பார்க்காமல், “எடம் இல்லக்கா. ஆளு நெறஞ்சிருச்சு” என்றான். அம்மாவின் வழக்கமான இடத்தில் ஒரு காலி அரிசிச் சாக்கு வைக்கப்பட்டிருந்தது.

அம்மா தூக்குவாளியை இடதுகையிலிருந்து வலதுகைக்கு மாற்றிக்கொண்டாள். நான் ஆசைப்பட்டதற்கு இவள் சோற்றைக் கொடுக்கிறாளே என்று எனக்கு இருந்தது.

வேனுக்குள்ளிருந்து மைனியின் குரல் வந்தது. “எடம் இல்லன்னா என்ன? மரியபுஷ்பம், ஏறு. என் மடியில உக்காரு.”

“யக்கா, அண்ணாச்சி ஏசுவாவ...”

“ஏலே, வேன்தான் ஒங்க அண்ணாச்சிக்குச் சொந்தம். மடி எனக்குச் சொந்தம். வண்டிய எடு.”

உள்ளே சிரிப்பு வெடித்தது. யாரோ சாக்கை எடுத்து டிரைவரின் முதுகுப்பக்கம் எறிந்தார்கள். அம்மா ஏறினாள். மடியில் உட்கார்ந்தாளா, இடத்தில் உட்கார்ந்தாளா என்று இருட்டில் எனக்குத் தெரியவில்லை. வேன் புறப்பட்டது. மறுநாளும் அந்தப் பையன் என்ன சொல்வான், அதற்கு அடுத்த நாள் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. அம்மாவுக்கும் தெரியாது. தெரியாமல்தான் ஏறினாள்.

வேனின் சிவப்பு விளக்கு திருப்பத்தில் மறையும்வரை நின்றேன். விடிய இன்னும் நேரமிருந்தது. வீட்டுக்குப் போகவில்லை. தண்டவாளத்துக்கு அந்தப்பக்கத் தெருவுக்கு நடந்தேன். அதுவும் எங்கள் வார்டுதான். அங்கே வேறு ஒருவரின் வேன் வரும். அங்கே நிற்கும் பெண்களில் ஒருவரைக்கூட எனக்குத் தெரியாது. அவர்களுக்கும் என்னைத் தெரியாது.

போய் நின்றேன். தூக்குவாளியோடு நின்ற ஒருவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, “புதுசா வேலைக்கு வருதியாம்மா?” என்று கேட்டார்.

“வேலைதான் கேக்க வந்திருக்கேன்க்கா. அதுக்கு முன்னால, உங்க தெருவுக்குத் தண்ணி எப்ப வருது? தண்ணி வார அன்னைக்கு இங்கன யாரு லீவு போடுவா?”

அவர் தூக்குவாளியைத் தரையில் வைத்தார்.